மாடு திரும்பும் வாசல்

மார்ச் 3, திங்கள்

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு எழுத மனசு வரவில்லை. எட்டு வருஷமாக நீ இருக்கிறாயா செத்தாயா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. இது உறவு கொண்டாட எழுதுகிற கடிதம் இல்லை. உன் மாமாவைக் காணோம்.

வியாழக்கிழமை எல்லைக்கு அந்தப் பக்கம் போனார். யாரோ கோல்டு ஸ்டோரேஜ்காரர்களாம், மெஷின் நின்றுபோய் உருளைக்கிழங்கு அழுகுகிறதாம், உடனே வாங்க என்று ஃபோன். ஒருநாள் பாஸ் எடுத்துக்கொண்டு, டூல்ஸ் பையோடு, உன் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற அந்த கேட் வழியாகத்தான் போனார். "சாயங்காலம் வந்து அந்தச் சிவப்பு ஃப்ரிட்ஜை முடிச்சுடறேன், அதுல கை வெக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஃப்ரிட்ஜ் கடை நடுவில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

சனிக்கிழமை அவர் நம்பரிலிருந்தே ஃபோன் வந்தது. பேசியவன் வேறு ஆள். "அக்கா, பதறாதீங்க. மாமா எங்க விருந்தாளி" என்றான். அப்புறம் ஒரு தொகை சொன்னான். கடையை, வீட்டை, கூடவே என்னையும் விற்றாலும் பாதி தேறாது. எனக்கு அந்தத் தொகை கூட அவ்வளவு உறைக்கவில்லை. என்னை அக்கா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். அவன் எட்டு வருஷமாகக் கூப்பிடவில்லை. இப்போது இவன் கூப்பிடுகிறான்.

போலீஸுக்குப் போனால் தெரிந்துவிடுமாம். நான் ஃபோனில் யாரோடு பேசினாலும் தெரியுமாம். அதனால்தான் கடிதம். உங்கள் கேன்டீனுக்கு ரொட்டி கொண்டுவருகிற வண்டிக்காரர் நம்ம கடை வாடிக்கை. அவர் கையில்தான் கொடுத்திருக்கிறேன், பதிலையும் அவரிடமே கொடு.

புகார் கொடுக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் சம்சாரம் போன மழைக்காலத்தில் உன்னிடம்தான் புகார் கொடுத்தாள். அவள் புருஷன் வந்தாரா?

அன்றைக்கு நீ கேட்டில் டூட்டியில் இருந்தாயா? அதை மட்டும் சொல்.

உன் மாமாவின் மனைவி


மார்ச் 5, புதன்

அக்காவுக்கு,

இருந்தேன். மாமா வரிசையில் வந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். நானும் பாஸில் முத்திரையைக் குத்தி நீட்டிவிட்டேன்.

அந்தப் பக்கம் போகிற ஒவ்வொருத்தரிடமும் எங்கே போறீங்க, யாரு கூப்பிட்டாங்க, நம்பர் என்ன என்று கேட்பது என் வேலை. பல் டாக்டர் போனதற்குப் பிறகு நானே கொண்டுவந்த வழக்கம் அது. மாமாவை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் "இன்னும் என்னை உள்ள வெக்கணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாரோ என்று கூச்சம். கேட்டிருந்தால் இன்று என் கையில் ஒரு பெயரோ நம்பரோ இருந்திருக்கும்.

இப்போது இருக்கிற நிலைமை இது. அந்தப் பக்கத்து கேட்டில் விசாரித்தேன். மாமா அன்று சாயங்காலமே திரும்பிவிட்டதாக அங்கே முத்திரை விழுந்திருக்கிறது. யாரோ காசு வாங்கிக்கொண்டு குத்தியிருக்கிறான். ஆகவே அவர்களுடைய கணக்கில் மாமா இங்கே இருக்கிறார், நம்முடைய கணக்கில் அங்கே இருக்கிறார். இரண்டு போலீஸுமே தேட வேண்டியதில்லாத ஆளாக அவரை ஆக்கிவிட்டார்கள்.

புகார் இல்லாமல் என்னால் மேலே ஒரு காகிதம்கூட அனுப்ப முடியாது. யோசித்துப் பார்.

பணம் கொடுக்காதே. அடுத்த தடவை அவன் பேசினால், மாமா குரலைக் கேட்காமல் எதுவும் பேச மாட்டேன் என்று சொல். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேள்.

தம்பி


மார்ச் 8, சனி

தம்பிக்கு,

கூச்சமாம் கூச்சம். அன்றைக்கு ஃப்ரிட்ஜ் கேஸ் சிலிண்டருக்குப் பர்மிட் இல்லை என்று வண்டியை மறித்து, சொந்த அக்கா புருஷனை ஆறு மாசம் உள்ளே தள்ளினபோது அந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது? சரி, விடு. இது அதற்கான நேரம் இல்லை.

நேற்று பேசினார். "எங்க கல்யாணத்தன்னிக்கு உங்க செருப்பை யாரு ஒளிச்சு வெச்சது?" என்று கேட்டேன். "உன் தம்பிதான், வேற யாரு? இன்னும் ஒண்ணைத் திருப்பித் தரல" என்றார். அந்த நிலைமையிலும் சிரிக்க வைக்கப் பார்க்கிறார், பார். குரல் கரகரவென்று இருந்தது. பேசப் பேச இருமல்.

ஃபோனைப் பிடுங்குவதற்கு முன்னால், "அந்தப் பழைய ஐஸ் ஃபேக்டரிக்காரர்கிட்ட வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடு, அந்த வேலை நமக்கு ஆகாது" என்றார். நாங்கள் ஐஸ் ஃபேக்டரி வேலையே எடுப்பதில்லை. அமோனியா நெடி பட்டால் அவருக்கு மூச்சு முட்டும், அதனால் பல வருஷமாக அந்தப் பக்கமே போவதில்லை. யாரிடமும் அட்வான்ஸும் வாங்கவில்லை. அவர் இருமின இருமலும் நெடி இருமல்தான், எனக்குத் தெரியாதா?

அங்கே பழைய ஐஸ் ஃபேக்டரி எங்கே இருக்கிறது என்று பார். புகார் மட்டும் கேட்காதே.

அக்கா


மார்ச் 12, புதன்

அக்கா,

பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை. எங்கள் காவல் கோபுரத்தில் ஏறி நின்றால் தெரிகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று வயல், ஒரு வாய்க்கால், அதைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. மேலே துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி. பூட்டிக் கிடக்கிற ஃபேக்டரி என்றுதான் இத்தனை நாள் நினைத்தோம். நேற்று பைனாகுலரில் பார்த்தால் கொடியில் துணி காய்கிறது.

நடந்தால் பத்து நிமிஷம் ஆகாது. ஆனால் நான் சீருடையோடு அந்த வேலியைத் தாண்டினால் அது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் நுழைந்த கதை ஆகிவிடும். முறையாகப் போனால், என் காகிதம் தலைநகரத்துக்குப் போய், அங்கிருந்து அவர்கள் தலைநகரத்துக்குப் போய், அவர்கள் ஜில்லாவுக்கு இறங்கி, கடைசியில் இந்த எதிர் கேட்டுக்கு வர வேண்டும். பல் டாக்டர் காகிதம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. முதல் தடவை மொழிபெயர்ப்பில் சீல் இல்லையாம். இரண்டாவது தடவை, அவர் அங்கேதான் இருக்கிறார் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்களாம். சாட்சி அங்கே கட்டிப்போட்டுக் கிடக்கிறது.

ஆனால் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் இங்கே மாட்டு நாள். மேய்ச்சலில் வேலி தாண்டிப் போன மாடுகளை அவர்கள் ஓட்டி வருவார்கள், அங்கிருந்து வந்ததை நாம் ஓட்டிக்கொண்டு போவோம். எதிர் கேட்டின் அதிகாரியும் நானும் நடுக்கோட்டில் நின்று எண்ணி, ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்வோம். எங்கள் ஸ்டேஷனில் அவரை எதிர்வாசல்காரர் என்போம். அவர் பாஷை எனக்கு அரைகுறை, மாட்டு விஷயத்துக்கு அது போதும். நல்ல மனுஷன். இந்த வெள்ளிக்கிழமை வாய்மொழியாக அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அதுவரை பொறு. பணம் மட்டும் கொடுத்துவிடாதே. கொடுத்தால் மாமாவை வைத்துக்கொண்டு கறப்பார்கள்.

தம்பி


மார்ச் 15, சனி

தம்பி,

கொடுத்துவிட்டேன்.

திட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படி. புதன்கிழமை சாயங்காலம் ஃபோன் வந்தது. யாரும் பேசவில்லை. அவர் கத்துவதை மட்டும் கேட்க வைத்தார்கள். உன் மாமா கத்தி நான் கேட்டதே இல்லை. ஷாக் அடித்தபோதுகூட "அம்மாடி" என்று உட்கார்ந்துகொள்கிற மனுஷன்.

அடுத்த நாள் காலையில் ஒரு ஆள் கடைக்கு வந்தான். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, கையில் உடைந்த ஃப்ளாஸ்க். "இதைச் சரி பண்ண முடியுமா அம்மா? அப்படியே அந்தப் பொட்டலத்தையும் கொடுத்தீங்கன்னா கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன்" என்றான். என் கையில் தேறினதை, கடை மெஷின்களை விற்று வந்ததை, எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். அவர் வரவில்லை. நேற்று அந்த அக்கா என்று கூப்பிடுகிறவன் பேசினான். "வந்துச்சு அக்கா, நன்றி. அது இத்தனை நாள் அவரு சாப்பிட்டதுக்கு. இனிமேதான் அசல்" என்றான்.

உன் எதிர்வாசல்காரர் என்ன சொன்னார்?

அக்கா


மார்ச் 16, ஞாயிறு

அக்கா,

அவர் மேலிடத்தில் கேட்காமலே ஒத்துக்கொண்டார். நேற்று விடிந்ததும் நாலு பேரோடு போனார். கொட்டகை காலி. அடுப்பில் டீ கெட்டில் சூடாக இருந்ததாம். கயிறு இருந்தது, இரண்டு பேர் படுத்த கோணிப்பை இருந்தது. கோபுரத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகளை விரித்து, யாரும் இல்லை என்று காட்டினார்.

இந்த விஷயம் போலீஸ் காதுக்குப் போய்விட்டது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வாசல்காரரிடம் நான் சொன்னது வெள்ளிக்கிழமை மத்தியானம். அவர்கள் வெள்ளிக்கிழமை காலையிலேயே மூட்டை கட்ட ஆரம்பித்து, விடிவதற்குச் சற்று முன்னால்தான் கிளம்பினார்கள் என்று பக்கத்து வயல்காரன் சொல்கிறான். அதனால் எங்கள் பக்கத்திலிருந்து போகவில்லை.

ஃப்ளாஸ்க் கொண்டுவந்தவனிடம் நீ என்ன பேசினாய்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

தம்பி


மார்ச் 19, புதன்

தம்பி,

சொன்னேன். பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பொறுக்கவில்லை. "என்னை நாதியில்லாதவள்னு நெனைச்சுக்காதே. எல்லையில இன்ஸ்பெக்டரா இருக்கானே, அவன் என் கூடப்பொறந்தவன். என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க ஒருத்தனையும் விட மாட்டான்" என்றேன்.

எட்டு வருஷமாக உன்னை என் தம்பி என்று யாரிடமும் சொன்னதில்லை. ரொட்டி வண்டிக்காரருக்கே இந்த மாசம்தான் தெரியும். போயும் போயும் அவனிடம் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அவரை என் வாயாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டேனா? எதுவானாலும் எழுது. சும்மா இருக்காதே.

அக்கா


மார்ச் 27, வியாழன்

அக்கா,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மாமா உயிரோடு இருக்கிறார். எதிர்வாசல்காரர் சும்மா இருக்கவில்லை. வயல்காரனைப் பிடித்து, வண்டி போன வழியைப் பிடித்து, நேற்று ஒரு செங்கல் சூளையில் கண்டுபிடித்திருக்கிறார். அவர்கள் தப்பிவிட்டார்கள். மாமாவால் நடக்க முடியாததால் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். கணுக்காலை உடைத்திருக்கிறார்கள்.

முறைப்படி ஒப்படைக்க வழியில்லை. அவர் திரும்பிப் போனதாக முத்திரை இருக்கிறதே. அப்படியென்றால் இப்போது அங்கே இருப்பது கள்ளத்தனமாக நுழைந்த ஆள். அவர்கள் சட்டப்படி ஜெயில்தான், வழக்கு முடிய வருஷமாகும். முகத்தைக் காட்டினால் அந்த முத்திரை போட்டவன் முதலில் ஆளைத் தீர்த்துவிடுவான்.

நாளைக்கு மாட்டு நாள். மாடு ஓட்டி வருகிறவர்களுக்குப் பாஸ் கிடையாது, அவர்களை எண்ணுவதும் கிடையாது. மாட்டைத்தான் எண்ணுவோம். ரொட்டி வண்டியோடு மத்தியானம் கேட்டுக்கு வா. அழாதே, கூப்பிடாதே. ரொட்டி இறக்க வந்தவள் மாதிரி நில்.

தம்பி


ஏப்ரல் 2, புதன்

தம்பி,

மாட்டு முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாரே, முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலையில் துண்டு, உடம்பெல்லாம் சாணி. நீ மாட்டை எண்ணிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனாய். எண்ணிக்கை தவறி நீ மறுபடி முதலிலிருந்து எண்ணினதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருக்கிறார். வண்டியில் ஏறினதும் அவர் பேசின முதல் வார்த்தை, "செருப்புத் திருடன் இளைச்சுட்டான்" என்பதுதான்.

அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. எலும்பு டாக்டர் கால் கூடும் என்கிறார், பழைய மாதிரி நடக்க மாட்டாராம். வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. ஸ்பானர் பிடிக்கிற கை. யாராவது கடைக் கதவைத் தட்டினால் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்.

நேற்றுதான் வாயைத் திறந்தார். தம்பி, பல் டாக்டர் உயிரோடு இருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருந்தார்களாம். மாமாவின் பல்லை உடைத்தபோது, கட்டின கையோடு அந்த மனுஷன் துணியைக் கிழித்துத் திணித்து ரத்தத்தை நிறுத்தியிருக்கிறார். "சாரி சார், ஊசி இல்ல, கிளினிக்ல இருந்தா வலிக்காம பண்ணியிருப்பேன்" என்றாராம். சூளையிலிருந்து ஓடினபோது அவரை மட்டும் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவருக்கு நடக்கக் கால் இருந்தது. போகும்போது, "எங்க வீட்ல சொல்லுங்க, சொல்லிடுங்க" என்று கத்திக்கொண்டே போனாராம்.

அந்தச் சாட்சி எங்கே என்றுதானே அவர்கள் கேட்டார்கள்? சாட்சி இதோ என் வீட்டில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். இப்போது என்ன செய்ய வேண்டும், சொல்.

அக்கா


ஏப்ரல் 5, சனி

அக்கா,

எதுவும் செய்ய வேண்டாம்.

இதை நான் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. மாமா வாக்குமூலம் கொடுத்தால் முதல் கேள்வி, எப்படித் திரும்பி வந்தீர்கள் என்பதுதான். பதில் சொன்னால் எதிர்வாசல்காரர் அங்கே ஜெயிலுக்குப் போவார். அவருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய இரண்டு பெண்கள். எனக்கு வேலை போகும். வேலை போனாலும் பரவாயில்லை, மாட்டு நாளையே நிறுத்திவிடுவார்கள். இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள இருக்கிற ஒரே ஓட்டையும் அடைபடும். அப்புறம் அடுத்த ஆளை எந்த வழியாக மீட்பது?

பல் டாக்டரை நான் மறக்கவில்லை. வாய்மொழியாகவே முயற்சி பண்ணுகிறேன். மாமா வந்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நாள் நிம்மதியாக இருங்கள்.

தம்பி


ஏப்ரல் 9, புதன்

தம்பி,

கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். திங்கட்கிழமை பல் டாக்டர் சம்சாரம் வந்து தட்டினாள். எப்படிக் கேள்விப்பட்டாளோ. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. "உங்க வீட்டுக்காரர் வந்துட்டாராமே, என் வீட்டுக்காரரைப் பார்த்தாரா?" என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமா சுவரோரத்திலிருந்து எழுந்தார். கதவு தட்டின சத்தத்துக்கு நகர்கிறவர், அன்றைக்கு அந்தக் கதவை நோக்கி நடந்து வந்தார். எல்லாம் சொன்னார். துணி திணித்தது, சாரி சார் என்றது, எல்லாம். அவள் அந்த "சாரி சாரை" மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். "அவரேதான், பேஷன்ட்டைக் கூட சார்னுதான் சொல்வார்" என்று அழுதாள்.

அவள் போனபிறகு மாமா என்னைக் காகிதம் எடுத்துவரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவருக்குத்தான் விரல் மடங்காதே. அதை இதோடு வைத்திருக்கிறேன். முதல் நாளிலிருந்து நீ கேட்ட புகார். கீழே அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பக்கத்தில் என்னுடையது.

நீ எழுதினது எல்லாம் நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு பர்மிட் காகிதத்துக்காகச் சொந்தம் பார்க்காமல் நின்றாயே, அந்தத் தம்பியை எட்டு வருஷம் வெறுத்தேன். இன்றைக்கு எனக்கு அவன்தான் வேண்டும்.

எப்படித் திரும்பி வந்தார் என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். அதை எழுதுகிற உரிமை எங்களுக்கு இல்லை. நீயும் அந்த நல்ல மனுஷனும் முடிவு செய்யுங்கள். கிழித்துப் போட்டாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அக்கா


மே 2, வெள்ளி

அக்கா,

உன் கடிதம் வந்த வாரத்து மாட்டு நாளில் எதிர்வாசல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். எண்ணிக்கொண்டே கேட்டார். எண்ணி முடித்து, கையெழுத்துப் போட்டு, பேனாவை என்னிடமே நீட்டினார். "எழுதுங்க. என் பொண்ணுங்க கேட்டா நான் என்ன செஞ்சேன்னு சொல்லிக்கலாம்" என்றார். அவர் பாஷையில் நான் தடங்கல் இல்லாமல் புரிந்துகொண்ட முதல் பேச்சு அதுதான். ஸ்டேஷனுக்கு வந்து, காலி இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிப் பதிவு செய்தேன்.

ஃப்ளாஸ்க் ஆளை இங்கேயே பிடித்துவிட்டோம். மாமா அடையாளம் சொன்ன ஆட்கள் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், அங்கே இருக்கிறவரை என் கை எட்டாது. பல் டாக்டர் காகிதம் மூன்றாவது தடவையாகப் போயிருக்கிறது, கூடவே மாமாவின் வாக்குமூலம். இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பல் டாக்டர் வீட்டுக்கு இப்போதெல்லாம் பணம் கேட்டு ஃபோன் வருவதில்லை என்று அவர் சம்சாரம் சொன்னாள். அது எதனால் இருக்கும் என்று நீயும் நானும் பேச வேண்டாம்.

எதிர்வாசல்காரரைக் காவலில் வைத்திருக்கிறார்களாம். என்னைக் கேட்டிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டிருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. மாட்டு நாளை நிறுத்தவில்லை, வயல்காரர்கள் சும்மா விட மாட்டார்கள் என்ற பயம்தான். இன்று ஓரமாக நின்று பார்த்தேன். எதிரே புது ஆள். மாட்டையும் எண்ணினான், ஓட்டி வந்தவர்களையும் எண்ணினான். பல் டாக்டரைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். "இந்த வாசல்ல மாட்டைப் பத்தி மட்டும் பேசுங்க" என்றான்.

மாமாவிடம் அந்த ஒற்றைச் செருப்பைத் திருப்பிக் கொடுக்க வருகிறேன் என்று சொல். வரலாமா?

தம்பி


மே 4, ஞாயிறு

தம்பி,

என்ன கேள்வி இது? வா. மாமா இடது கையாலேயே அந்தச் சிவப்பு ஃப்ரிட்ஜை ஓட வைத்துவிட்டார். சத்தம் கொஞ்சம் அதிகம், ஆனால் குளிர்கிறது. சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு போகும்போது வாசல்வரை நொண்டிக்கொண்டு போய் வழியனுப்பினார்.

நீ வருவதற்கு முன்னால் நான் அங்கே வருகிறேன். வெள்ளிக்கிழமை பல் டாக்டர் சம்சாரமும் நானும் ரொட்டி வண்டியில் வருகிறோம். உன்னை எதற்கும் இழுக்க மாட்டோம், நீ ஸ்டோர் ரூமிலேயே இரு. கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிற்க யாரும் பாஸ் கேட்க முடியாது. அவள் அவர் போட்டோவைக் கொண்டுவருகிறாள். நான் எதிர்வாசல்காரர் பெண்களுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்து மாட்டுக்காரர் யாராவது வாங்கிக்கொள்வார்.

புது ஆள் எண்ணட்டும். மாட்டை எண்ணட்டும், ஓட்டி வருகிறவனை எண்ணட்டும், வேண்டுமானால் வாலையும் எண்ணட்டும். எண்ணி முடித்துக் கையெழுத்துப் போட்டதும், இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாகக் கேட்போம். "அவ்வளவுதானா? எங்க ஆளு எங்கே?"

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து கேட்போம்.

உன் அக்கா